ஜோடித்த வாரம்

பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, யார் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அங்கே ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்டிக்கரம்மா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஊசியைப் பார்த்ததும் கட்டடமே அதிரும்படி அலறும் பிள்ளைகளுக்கு, மறுமுறை வர வேண்டிய தேதியை அட்டையில் எழுதி, பக்கத்தில் ஒரு திமிங்கிலத்தையோ ராக்கெட்டையோ ஒட்டிக் கொடுப்பாள். அந்தப் பிள்ளைகள் வைத்த பேர் அது. பேரை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தவர் மாமியார். ஒருநாள் பல் பிடுங்க வந்தவர், வாய் நிறைய பஞ்சோடு அதைக் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பஞ்சைத் துப்பியதும் முதல் வார்த்தையாகச் சொன்னது இதுதான்: "ஏ ஸ்டிக்கரு, கொஞ்சம் தண்ணி குடு."

வீட்டிலும் ஸ்டிக்கரம்மாவுக்கு ஏறக்குறைய அதே வேலைதான். இங்கே அவள் எழுதியது தன் சொந்த நாட்களை. கனத்த அட்டை போட்ட பிளானர் ஒன்று வைத்திருந்தாள். விரித்தால் இரண்டு பக்கத்துக்கு ஒரு வாரம், நாளுக்கு ஒரு கட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சாப்பாட்டு மேசையின் பாதியை வளைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பூப்போட்ட டேப், முத்திரைகள், கத்தரிக்கோல், பசைக்குச்சி எல்லாம் கடை விரித்திருக்கும். வரப்போகிற வாரத்துக்கு ஓரம் கட்டி, மூலையில் இலை ஒட்டி, கிழமைகளுக்குத் தலைப்பு அச்சிட்டுத் தயாராக வைப்பாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் அன்றைய கட்டத்தை நிரப்புவாள். பெரிய சங்கதி ஒன்றும் இருக்காது. பஸ் ஜன்னலில் யாரோ விரலால் வரைந்துவிட்டுப் போன மீசை. ஒரு கால் குட்டையாகப் போன நாற்காலி. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுத உட்கார்ந்தால் அது முடியவே முடியாமல் நீண்டுகொண்டே போகிறதே என்பதுதான் அவளுக்கு எப்போதும் ஆச்சரியம். இத்தனையும் ஒரே நாளுக்குள் எப்படி இடம் பிடித்தது என்று பேனாவை மூடிவிட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருப்பாள்.

மாமியாருக்கு இது தாங்கவில்லை.

"நாளு என்ன கல்யாணப் பொண்ணா, இப்படி உட்கார்ந்து ஜோடிக்கற?"

"அழகா இருக்கட்டுமேன்னுதான் அத்தை."

"எங்க ஆபீஸ்ல ஜோடிக்கறதுன்னா ஒரே அர்த்தம்தான், தெரிஞ்சுக்கோ. ஜோடிச்ச பத்திரம்னா பொய்ப் பத்திரம்."

மாமியார் வேலையில் இருந்த காலமெல்லாம் பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவில் இருந்தவர். அங்கே ஒருவர் அசலை உரக்க வாசிப்பார். இன்னொருவர் நகலில் விரல் வைத்து எழுத்து எழுத்தாகக் கூடவே போவார். ஒத்துப்போனால் கீழே 'அசலுடன் ஒப்பிட்டேன், உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். விரல் வைத்துப் போகிறவர் மாமியார்தான். அடித்தல் திருத்தல் ஒன்று கண்ணில் பட்டாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்லிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விரல் ஓயவில்லை. செய்தித்தாளைக்கூட விரல் வைத்துத்தான் படிப்பார், பிழை கண்டால் பத்திரிகைக்காரர்களை அங்கிருந்தே திட்டுவார்.

மருமகளின் பிளானரை மட்டும் அவர் படிக்கவில்லை. படிக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொல்லியிருந்தார். "உன் கதை உன்னோட இருக்கட்டும்மா. எனக்கு எதுக்கு?" ஆனால் கைப்பையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பஸ் டிக்கெட், மருந்துக்கடை ரசீது, அறுந்த பொத்தான் என்று கிடைப்பதை மேசையில் வைத்துவிட்டுப் போவார். "இந்தா, உன் குப்பைத் தொட்டிக்கு." ஸ்டிக்கரம்மா அவ்வளவையும் ஒட்டிவைத்தாள். இதை ஒருநாள் அத்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு உள்ளூர ஓர் ஏக்கம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புதிதாக ஒரு பேனா வாங்கி வந்தாள். எழுதிய பிறகு அதன் வாலில் இருக்கும் ரப்பரால் தேய்த்தால் மை மறைந்துவிடும். பென்சிலைப்போல அரைகுறையாக அல்ல, எழுதிய சுவடே இருக்காது. பேனாவின் உறையில் கண்ணை உருட்டிப் பார்க்கும் ஓர் ஆந்தைப் படம் போட்டிருந்தது. ஓர் ஆந்தையைக் குப்பையில் போட ஸ்டிக்கரம்மாவுக்கு மனம் வருமா? காதோரம் வளைத்து வெட்டி, வரப்போகும் வாரத்தின் மூலையில் பசை தடவி அழுத்தி ஒட்டினாள். மிச்ச உறை குப்பைக்குப் போயிற்று.

"தேய்ச்சா நிஜமாவே போயிடுமா?" என்று மாமியார் கிட்டே வந்தார்.

"பாருங்க அத்தை." ஒரு துண்டுத் தாளில் 'பூனை' என்று எழுதித் தேய்த்துக் காட்டினாள். பூனை போய்விட்டது.

மாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். ரப்பர் தூள்கூட உதிரவில்லை.

"அடப்பாவி!" என்றார் பேனாவைப் பார்த்து. "நீ மட்டும் எங்க ஆபீசுக்குள்ள வந்திருந்தா பாதிப் பேர் ஜெயிலுக்குப் போயிருப்பான், மீதிப் பேர் வீடு வாசலை இழந்துட்டு நின்னிருப்பான்!"

திட்டினாரே தவிர பேனாவின் மேல் அவருக்கு ஆசை விழுந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். மருமகள் அந்தப் பேனாவால் அன்றைய கட்டத்தை எழுதி முடித்துவிட்டு டீ போட எழுந்து போவாள். திரும்பி வரும்போது மாமியார் பிளானரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, கட்டத்தின் அடியில் எதையோ எழுதிக்கொண்டிருப்பார். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் மறைப்பதுபோல இடது கையால் பொத்திக்கொள்வார்.

"என்ன எழுதறீங்க அத்தை?"

"பேனா எழுதுதான்னு பார்த்தேன்." பரபரவென்று தேய்ப்பார். கையை எடுப்பார். "பார்த்தியா, போச்சு!" வெற்றுத் தாளைப் பார்த்து அந்த முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஸ்டிக்கரம்மாவும் சிரித்தாள். அடுத்த நாள் மறுபடியும் அதே வேடிக்கை.

அந்த வாரம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமைக் காலை, மாமியார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மடியில் செய்தித்தாள். விரல் ஒரு வரியின் நடுவில் இருந்தது.

அவருடைய ஒரே மகன் கப்பலில் மின்வேலை பார்ப்பவன். செய்தி போனபோது எந்தக் கரையும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தான். கப்பலைத் திருப்பச் சொல்லவா முடியும்? போனில் முகத்தைப் பார்த்தான், அதுவும் பாதியில் அறுந்துவிட்டது. பிறகு அழைத்தபோதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அந்தக் கடைசி வாரம் அம்மா எப்படி இருந்தாங்க? பெரிசா ஒண்ணும் வேணாம். என்ன சாப்பிட்டாங்க, யாரைத் திட்டினாங்க, அது போதும் எனக்கு. நான் எதையுமே பார்க்கலையே."

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேங்க," என்றாள் ஸ்டிக்கரம்மா. "ஒரு நாள் விடாம இருக்கு. நீங்க வந்ததும் சேர்ந்து படிக்கலாம்."

அதைக் கேட்டதும் அவன் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கடல் தாண்டிக் கேட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும், "அதைப் பத்திரமா வெச்சிரு, என்ன?" என்பான். அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். திறக்கக்கூட இல்லை. படித்தால் அழுதுவிடுவாள், அழுதால் தாள் நனைந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எந்த வாரத்தையும் எழுதவும் இல்லை, ஒட்டவும் இல்லை. டேப்புகள் டப்பாவுக்குள்ளேயே கிடந்தன.

கணவன் வந்து இறங்கும் நாளும் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். ஸ்டிக்கரம்மா லீவு போட்டுவிட்டு, காலையிலேயே மேசையைத் துடைத்துப் பிளானரை எடுத்து வைத்தாள். அந்த வாரத்தைத் திறந்தாள். எழுத்துகளைப் படிக்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓரங்களை மட்டும் பார்த்தாள். அவளுக்கு ஒரு குறை தோன்றியது. அத்தையின் கடைசி வாரம் இவ்வளவு எளிமையாக இருக்கலாமா? கிழமைகளின் தலைப்பு பொன்னில் இருக்க வேண்டாமா?

பொன்பொடி வேலை என்று ஒன்று உண்டு. பசை மையில் முத்திரையை ஒற்றி, மேலே பொன்னிறப் பொடியைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, சூடான காற்றை ஊதும் துப்பாக்கி ஒன்றைத் தாளுக்கு அடியில் காட்ட வேண்டும். பொடி உருகி, எழுத்து புடைத்து எழுந்து, நிஜப் பொன்னாகப் பளபளக்கும். அந்தத் துப்பாக்கியை எப்போதோ வாங்கி, நல்ல சந்தர்ப்பம் வரட்டும் என்று பிரிக்காமலே வைத்திருந்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

திங்கள் என்ற சொல் உருகியபோது அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். மங்கலாகக் கிடந்த தூள் ஒரு கணம் நனைந்ததுபோல் இருந்தது, மறுகணம் மின்னியது. எத்தனை தரம் மற்றவர்கள் செய்வதைப் பார்த்திருந்தாலும் தன் கையில் அது நடக்கும்போது மெய் சிலிர்த்தது. செவ்வாய், புதன் என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், தாளுக்கு அடியில் துப்பாக்கியை மெதுவாக நகர்த்தினாள். கண் அந்தப் பொன்னை விட்டு அகலவில்லை. ஞாயிறும் எழுந்து நின்றதும், துப்பாக்கியை அணைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி முழு வாரத்தையும் பார்த்தாள்.

ஏழு பொன் தலைப்புகள். டேப், இலை, பஸ் டிக்கெட், ஆந்தை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கட்டங்களுக்குள் ஓர் எழுத்து இல்லை.

முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. வேறு பக்கத்தைத் திறந்துவிட்டோம் என்று நினைத்துப் புரட்டினாள். அந்தப் பக்கம்தான். விளக்கைப் போட்டாள், ஜன்னலருகே கொண்டுபோனாள், மாமியார் செய்ததுபோலவே விரலால் தடவினாள். தன் கையாலேயே, பொன்னுக்கு ஆசைப்பட்டு, அத்தையின் வாரத்தைத் துடைத்துவிட்டாள்.

படம் எடுத்து வைத்திருக்கலாமே என்றால், எடுத்துத்தான் வைத்திருந்தாள். 'ஞாயிறு மேசை' என்று பிளானர்க்காரிகளுக்கு ஒரு குழு இருந்தது. எல்லோரும் தங்கள் பக்கங்களைப் படம் பிடித்துப் போடுவார்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால்தான் படம் எடுப்பார்கள். எழுதியது அவரவர் வீட்டு விஷயம், அலங்காரம்தான் ஊர் பார்க்க என்பது அவர்கள் வழக்கம். ஆகவே அவள் போனில் இருந்த படத்திலும் இதே வாரம், இதே ஆந்தை, இதே காலிக் கட்டங்கள்.

காலிப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். 'எழுத்து போய்விட்டது' என்பதைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லை. அழகு, அருமை என்று வழக்கம்போல் நாலைந்து பேர் இதயத்தை அனுப்பினார்கள். பொன் பிரமாதம் என்றாள் ஒருத்தி. படித்துப் பார்த்துவிட்டுப் பாராட்டினால் என்ன என்று ஸ்டிக்கரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கணவன் வந்து நின்று, "எங்க, காட்டு," என்பானே. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தாள். அவள் எழுதிய வாரம்தானே, அவளுக்குத் தெரியாதா?

தெரியவில்லை. ஒருநாள் மழை பெய்தது. அது திங்களா, செவ்வாயா? குழாய் சரிசெய்ய ஆள் வருவதாக இருந்தது, வந்தானா? அத்தை எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், எதற்கு? ஒரு முழு வாரத்தில் ஒரு பிடி அளவுகூட மிஞ்சவில்லை. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் அத்தனை பேசினார்களே, அத்தனை தடவை சிரித்தார்களே. நடந்த ஒன்று இப்படி நடக்காததுபோல் ஆகிவிட முடியுமா என்று நினைத்ததும் அவளுக்குப் பயத்தைவிட மலைப்புதான் அதிகமாக இருந்தது.

பேனா தானாகவே ஒரு வரி எழுதியது: 'புதன்கிழமை அத்தை உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.' பேசியிருக்கலாம். யார் கண்டது? கணவன் படித்தால் நெகிழ்ந்துபோவான். இப்படி ஏழு நாளுக்கும் எழுதுவது ஸ்டிக்கரம்மாவுக்குப் பெரிய காரியமா? ஜோடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. அந்தச் சொல் மனதில் வந்ததுமே நாற்காலிக்குப் பின்னால் அத்தை வந்து நின்றதுபோல் இருந்தது. 'ஜோடிச்ச பத்திரம்னா பொய்ப் பத்திரம்.' தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். அம்மாவின் வாரம் என்று நம்பிப் படிக்கப்போகிறவனிடம் பொய்யைக் கொடுப்பதைவிட, தொலைத்துவிட்டேன் என்று சொல்லிக் காலில் விழுந்துவிடலாம். முடிவு செய்ததும் மேசையில் தலை கவிழ்ந்து ஓவென்று அழுதாள்.

அப்போது போன் அடித்தது. குழுவிலிருந்த டேப் ராணி. கூரியர் அலுவலகத்தில் வேலை, அவளிடம் இருக்கும் டேப்பை விரித்தால் அந்த ஊரையே பார்சல் கட்டிவிடலாம்.

"ஏய், எந்தப் பேனாவுல எழுதின? தேய்ச்சா போகுமே, அதுலயா?"

"ஆமா."

"அது தேய்க்கறதால போறதில்லடி. தேய்க்கும்போது வர்ற சூட்டுல மறையுது. நீ துப்பாக்கியே காட்டிட்ட! உறையில போட்டிருக்குமே, பார்க்கலையா?"

ஸ்டிக்கரம்மா மெதுவாக மூலையில் இருந்த ஆந்தையைப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள். ஆந்தையின் முதுகில், பசைக்கு அடியில், பொடி எழுத்தில்: 'எச்சரிக்கை. வெப்பம் பட்டால் எழுத்து மறை'. மிச்சம் ஆந்தையின் காதோடு வெட்டுப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் குப்புறப் படுக்கவைத்துப் பசை போட்டு ஒட்டிய ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருக்கும்.

"இருக்கியா?" என்றாள் டேப் ராணி. "அழாம கேளு. மை அங்கேயேதான் இருக்கு, நிறம் மட்டும்தான் போயிருக்கு. நல்ல குளிர் பட்டா திரும்பி வரும். எனக்கு வந்திருக்கு. ஒரு பையில போட்டுக் காத்துப் போகாம மூடி ஃப்ரீசர்ல வையி. அடிக்கடி திறந்து பார்க்காத, பழக்கதோஷத்துல பண்ணுவ."

அப்படியே செய்தாள். பட்டாணிப் பொட்டலத்தை ஓரம் தள்ளி, ஐஸ் தட்டின் மேல் பிளானரைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு ஃப்ரிட்ஜுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். வருமா? வந்தாலும் முழுக்க வருமா? எழுந்து கதவின் மேல் கை வைப்பாள், டேப் ராணி சொன்னது நினைவுக்கு வந்து திரும்ப உட்காருவாள். ஃப்ரிட்ஜின் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்தே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள்.

அழைப்பு மணி சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். சாயங்காலம் வருவதாகச் சொன்னவன் மத்தியானமே வந்து நின்றான். தோளில் பை, கறுத்துப்போன முகம். உள்ளே வந்தவன் முதலில் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாகமா இருக்கு," என்று நேரே சமையலறைக்குப் போனான். அவள் வாய் திறப்பதற்குள் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்துவிட்டான்.

"என்னது இது? புத்தகத்தை எதுக்கு ஐஸ்ல போட்டிருக்க?"

ஸ்டிக்கரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. பொன்பொடி, துப்பாக்கி, ஆந்தை, கிழித்த தாள் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "உங்க அம்மாவோட வாரத்தை நான் அழிச்சுட்டேங்க. திரும்பி வந்திருக்கான்னு எனக்குத் தெரியாது. வரலைன்னா என்னை என்ன வேணா சொல்லுங்க."

அவன் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, உறைந்து விறைத்துப்போயிருந்த பிளானரை மேசைக்குக் கொண்டுவந்தான். இருவரும் சேர்ந்து திறந்தார்கள்.

எழுத்து இருந்தது. ஏழு கட்டத்திலும், அவள் எழுதியபடியே, ஒரு புள்ளி குறையாமல் திரும்பி வந்திருந்தது. காலையில் வெற்றுத் தாளாக இருந்த இடத்தில் மழையும் பஸ்ஸும் குழாயும் வந்து உட்கார்ந்திருந்தன. இத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"இது யாரோட எழுத்து?" என்றான் கணவன்.

ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் வேறு ஒரு கை. சற்று மங்கல், தேய்த்த தடம் தெரிந்தது. ஆனால் அச்சுக் கோத்ததுபோல உருண்டு திரண்ட எழுத்து. அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்த எழுத்து. சூட்டில் மறைந்ததெல்லாம் குளிரில் திரும்பும் என்றால், தேய்த்து அழித்ததும் திரும்பும்தானே. ஸ்டிக்கரம்மா அதை யோசிக்கவே இல்லை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தன்னை அறியாமலே வரியின் அடியில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தான்.

"திங்கள். 'நல்ல மழை. குடையை மறந்துவிட்டேன். அத்தை வாசலில் துண்டோடு நின்றார்.' கீழ அம்மா: 'மழை சரி. துண்டு சரி. பஸ் வரும்வரை நான் வெகுநேரம் நின்றது விடுபட்டுள்ளது.'"

ஸ்டிக்கரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய். 'அத்தைக்கு இன்று கோபம். காரணம் தெரியவில்லை.' கீழ: 'தவறு. கோபம் அல்ல, பசி.'" அவன் சிரித்துவிட்டான். கப்பலிலிருந்து அத்தனை அழைப்பிலும் அவள் கேட்காத சிரிப்பு.

"புதன். 'அவர் போன் செய்தார். அத்தை இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.' கீழ..." விரல் நின்றது. அவன் மனதுக்குள் படித்தான். பிறகு சத்தமாகப் படிக்க முயன்று, முடியாமல், பிளானரை அவள் பக்கம் தள்ளினான். அவள் படித்தாள். 'சரி. அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும், பிள்ளைக்குக் கேட்டுவிடும். இது பதிவுக்கு அல்ல.'

அவன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதான். அவள் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். ஈர முகத்தோடு திரும்பி வந்து, "அடுத்தது," என்றான்.

வியாழனில் குழாய்க்காரன் வரவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். 'சரி. வராதது நல்லது. வந்தால் நாள் முழுக்கப் பேசுவான்,' என்று அடியில் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மாமியார் கொடுத்த பஸ் டிக்கெட் ஒட்டியிருந்தது. 'அத்தை தந்த குப்பை' என்று அவள் விளையாட்டாக எழுதியிருந்தாள். கீழே: 'டிக்கெட் உண்மையானது. எங்கே போனேன் என்று மருமகள் கேட்கவில்லை. துறைமுகம். கப்பல் பார்த்தேன். நம்முடையது வரவில்லை.'

"துறைமுகத்துக்கா? தனியாவா?" என்றான் அவன்.

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க. சொல்லவே இல்ல." ஓர் அங்குல அகலத் தாள், அதன் மேல் பசை தடவி ஒட்டியவள் அவள். அதற்குள் ஒரு பயணம், ஒரு கடல், கரையில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கும் ஒரு தாய். நாளை எழுதினால் அது முடியாமல் நீளுகிறது என்று வியந்தவளுக்கு, தான் எழுதியது எவ்வளவு கொஞ்சம் என்று இப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அத்தை தலைக்குச் சாயம் பூசியபோது சுவரெல்லாம் கறை என்று அவள் எழுதியிருந்தாள். 'சுவரில் பூசியது மருமகள். பழி என் மேல்.' அவன் எழுந்துபோய் அந்தச் சுவரைத் தேடிக் கறையைக் கண்டுபிடித்து, தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

ஞாயிறுக்கு வந்தார்கள். அவள் எழுதியது ஒரு வரி: 'இன்று ஒன்றும் நடக்கவில்லை. அத்தையும் நானும் ஜன்னலோரம் டீ குடித்தோம்.' கணவன் அதன் அடியில் விரல் வைத்தான், மனதுக்குள் படித்தான், பிளானரை மறுபடி அவள் பக்கம் திருப்பினான்.

"இது எனக்கில்ல. உனக்கு."

'அசலுடன் ஒப்பிட்டேன். ஜோடித்தது அல்ல. உண்மை நகல்.' அடியில் முழுக் கையெழுத்து, அலுவலகத்தில் போடுவதுபோல் சாய்வுக் கோடு இழுத்து.

ஸ்டிக்கரம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வாரம் முழுக்க, அவள் டீ போடப் போன நேரத்திலெல்லாம், அந்த விரல் அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஊர்ந்திருக்கிறது. இந்த வார்த்தைகளை எழுதிவிட்டுத்தான், பொத்திய கையை எடுத்துவிட்டு, "பார்த்தியா, போச்சு!" என்று சிரித்திருக்கிறார். அவள் அழுதாள். இந்த முறை தாள் நனைந்தால் நனையட்டும் என்று இருந்தது, ஆனாலும் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழிக்கற பேனாவுல எழுதி, அழிச்சுப்புட்டு, உண்மை நகலாம்," என்றான் கணவன், மூக்கை உறிஞ்சியபடி. "அம்மா ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன ஆகும்?"

"உள்ள போட்டிருப்பாங்க."

டீ போட்டுக் கொண்டுவந்தாள். பிறகு டேப் டப்பாவைத் திறக்காமல், ஓரம் எதுவும் கட்டாமல், அத்தனை காலிப் பக்கங்களையும் தாண்டி இந்த வாரத்துக்கு வந்தாள். மருத்துவமனையில் எழுதும் சாதாரணப் பேனாவைக் கைப்பையிலிருந்து எடுத்து இன்றைய கட்டத்தில் எழுதினாள்: 'இன்று அவர் வந்தார்.'

கணவன் பேனாவை வாங்கினான். இடது கையால் கட்டத்தைப் பொத்திக்கொண்டு அடியில் எதையோ எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள், அவன் இன்னும் நன்றாக மறைத்தான். எழுதி முடித்ததும், பேனாவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை எடுத்தான்.

'தவறு. அம்மாவும் நானும் வந்தோம்.'

அந்தப் பேனாவின் வாலில் ரப்பர் இல்லை.